பெங்களூர் வண்டியும் சௌதாமினியின் இரண்டு பசுக்களும்

சௌதாமினியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் யார் யார் என்று எண்ணினால் ஒரு கை விரல்களே போதும். அமரவிளையில் பஸ் இறங்கி உள்ளே மூன்று கிலோமீட்டர் நடந்தால் வருகிற சின்ன ஊர் அது. ரேஷன் கடைக்காரர், மின்கணக்கு எடுக்க வருகிறவர், வாய்க்கால் கரையில் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் அவள் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். ஒரு தடவை பால் சொசைட்டியில், கொழுப்பு குறைவாகக் காட்டுகிறதே, தண்ணீர் ஏதும் சேர்ந்துவிட்டதோ என்று செயலாளர் விலாசினி இழுத்தாள். சௌதாமினி ஆறு லிட்டர் பாலையும் சொசைட்டிப் படியில் கவிழ்த்துவிட்டு, காலிப் பாத்திரத்தை விலாசினியின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் விடியற்காலை அதே படியில் ஏறி, அதே பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, பால் அளக்கவும் செய்தாள். கோபம் வேறு, பிழைப்பு வேறு என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது.

அவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கணவர் குட்டப்பன் நெய்யாற்றின்கரைச் சந்தையில் சுமை தூக்கியவர். மகன் ஜினு ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. பன்னிரண்டு சென்ட் நிலமும், பாதி பூசிய வீடும், ஒரு பசுவும் மிஞ்சின. அந்தப் பசுவை வைத்துக்கொண்டு அவள் விடியுமுன் எழுந்து கறந்தாள், சாணம் வாரினாள், ஊரான் வரப்பில் புல்லறுத்துச் சண்டை போட்டாள். ஒரு பசு இரண்டானது. ஜினு ஐ.டி.ஐ. முடித்து கத்தாருக்கு விமானம் ஏறினான். இதை அவள் பெருமையாக யாரிடமும் சொன்னதில்லை. சண்டையில் மட்டும் சொல்வாள். சண்டையோ தினமும் உண்டு.

ஜினுவுக்கு அந்தக் கதையே ஆகாது. பள்ளிக்கூடம் போகுமுன் சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றியவன் அவன்தான். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாணி மணக்கிறது, தள்ளி உட்கார் என்பான். கத்தாரில் எட்டு வருஷம் கிரேன் ஓட்டி, அங்கேயே நர்ஸ் வேலை பார்த்த ஜோஸ்மியைக் கட்டிக்கொண்டு, இரண்டு சம்பளம் வீட்டுக்குள் வரத் தொடங்கிய பிறகும் அந்த மணம் அவனை விடவில்லை. அதைக் கழுவிக் களைய அவன் கண்ட வழிதான் அந்த வண்டி.

போன வருஷ லீவில் பெங்களூருக்குப் போய் வாங்கி, ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். கறுப்பு நிறச் சொகுசுக் கார். ஏழு வருஷப் பழசு, இரண்டு கை மாறியது. ஒரு டாக்டர் வைத்திருந்தார், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடியது என்று விற்றவன் சொன்னானாம். பழைய வண்டி விற்கிறவர்களுக்கு இத்தனை டாக்டர்கள் எங்கிருந்துதான் கிடைக்கிறார்களோ. தோல் இருக்கை, திறந்து மூடும் கண்ணாடிக் கூரை, காற்றடைத்த ஸ்பிரிங். புதிதாக வாங்கினால் கோடியைத் தொடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜினு அதைக் கேட்டும் கேட்காதவன் மாதிரி நடந்தான்.

அந்தப் பன்னிரண்டு சென்ட்டில் சமமான இடம் என்று வீட்டு முன்புறம் மட்டும்தான் உண்டு. அதில் தொழுவம் இருந்தது. நாலே நாளில் தொழுவத்தைப் பிரித்துத் தரையில் சிமென்ட் போட்டு, மேலே தகரக் கூரை வைத்து, வண்டியை உள்ளே ஏற்றினான். பசுக்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவுக்குப் போயின. அங்கே நாலு கமுகுக் காலும் ஒரு நீலத் தார்ப்பாயும்தான். லீவு முடியுமுன் நல்ல தொழுவமாகக் கட்டித் தருகிறேன் என்றான். லீவு முடிந்தது. அடுத்த லீவில் என்றான்.

போகுமுன் இன்னொரு காரியமும் செய்தான். தகரக் கூரைக்கடியில் ஒரு கேமராவைப் பொருத்தினான். கத்தாரிலிருந்து அவன் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். அன்றிலிருந்து சௌதாமினியின் முற்றத்தில் நேரம் காலம் இல்லாமல் மகனின் குரல் கேட்டது. கோழி வண்டிமேல் ஏறுகிறது, விரட்டு. உறை காற்றில் விலகிவிட்டது, இழுத்து விடு. புல்லுக்கட்டை அதன் பக்கத்தில் போடாதே. பசுக்களை முன்வழியாகக் கொண்டுபோகக்கூடாது என்று ஆனது. சாணம் போட்டால் டயரில் ஒட்டுமாம். மாளு, அம்மிணி என்ற அந்த இரண்டு பசுக்களையும் அவள் வாய்க்கால் கரையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனாள். பெற்று வளர்த்த அம்மாவிடம், சாப்பிட்டாயா என்று அந்தக் கேமரா ஒரு நாளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நிபின் வருவான். அமரவிளையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், ஜினுவோடு படித்தவன். ஒரு வாரம் சும்மா நின்றால் வண்டியின் பின்பக்கம் காற்றிறங்கித் தரையோடு உட்கார்ந்துவிடும். அவன் சாவி போட்டதும் பசு எழுந்திருக்கிற மாதிரி பின்பக்கம்தான் முதலில் எழும்பும். பாறசாலை வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவான். அதற்குப் பிறகு சௌதாமினி அதைக் கழுவ வேண்டும், அதற்கென்று வாங்கிய சோப்பால், அதற்கென்று வாங்கிய துணியால். ஒரு தடவை, வருகிற வழியில் ஒரு சாக்கு பிண்ணாக்கு எடுத்துக்கொண்டு வா என்று நிபினிடம் சொன்னாள். அவன் பாவம், ஜினுவிடம் ஒரு வார்த்தை கேட்டான். தோல் இருக்கை மணத்தைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம் என்று பதில் வந்தது. அவள் ஆட்டோ பிடித்துப் போய்க் கொண்டுவந்தாள். தன் முற்றத்தில் நிற்கிற அந்த வண்டிக்குள் அன்றுவரை அவள் ஏறி உட்கார்ந்ததில்லை. ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

மழை தொடங்கியதும் சரிவு வழுக்கியது. அம்மிணி ஏழு மாதச் சினை. ஒருநாள் கால் வழுக்கி முட்டியில் தோலுரிந்து நின்றது. சௌதாமினி கேமராவுக்கு முன்னால் போய் நின்று, தொழுவத்துக்கு ஒரு வழி சொல் என்று கேட்டாள். இந்த வயதில் பசு எதற்கு, இரண்டையும் விற்றுவிட்டுச் சும்மா இரு, மாதாமாதம் நான் இன்னும் கூட்டி அனுப்புகிறேன் என்றான் ஜினு. நல்ல மகன் சொல்கிற பேச்சு என்றுதான் கேட்கிறவர்களுக்குத் தோன்றும். மகன் கையிலிருந்து வாங்கித் தின்பதில் அவளுக்கும் வெட்கம் இல்லை. ஆனால் அவன் கோபித்துக்கொள்கிற மாதத்தில் என்ன செய்வது? தன்னைப் போலவே அவனும் கோபக்காரன் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பசு இருக்கிறவரைக்கும் அவள் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். பசு போனால் அந்த வீட்டில் அவளும் வண்டியைக் காவல் காக்கிற ஆள்தான். பசுக்களை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புல்லறுக்கப் போனாள்.

அப்படியிருக்கும்போதுதான் யூரியா விஷயம் வந்தது. அந்த மாதிரி டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைத்த நீர் வேண்டும். டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல மூடி போட்ட தனித் தொட்டி அதற்கு உண்டு. அது தீர்கிறது, இத்தனை கிலோமீட்டருக்குள் நிரப்பாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் திரையில் எழுத்து வந்தது. பெட்ரோல் பங்கில் கேனில் அடைத்து விற்கிறார்கள், அடுத்த வாரம் வாங்கி ஊற்றிவிடுகிறேன் என்றான் நிபின். ஜினு வேண்டாம் என்றான். ஏற்கெனவே காற்று ஸ்பிரிங்குக்கும் இன்னொன்றுக்கும் என்று அந்த வண்டி அவனை நன்றாகக் கறந்திருந்தது. போதாததற்கு போனில் எவனோ ஒருவன் வாளியில் கரைத்துக் காட்டுகிற வீடியோவை அவன் பார்த்திருந்தான். உரச்சாக்கில் இருப்பதும் யூரியா, கேனில் இருப்பதும் யூரியா, பிறகு எதற்குக் கூடுதல் விலை?

நிபின் போனதும் கேமரா பேசியது. வாழைக்கு வாங்கிய உரத்தில் இத்தனை கிலோ எடு, இத்தனை லிட்டர் தண்ணீரில் கரை, ராத்திரி முழுக்க வை, காலையில் துணியில் இரண்டு தடவை வடிகட்டி நீல மூடியைத் திறந்து ஊற்று என்றது.

சௌதாமினி கைவேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "எலே மக்கா, இது பண்டத்தெ யூரியா இல்ல. இப்பம் வாறது ஒக்க வேப்பெண்ணெ பெரட்டினதாக்கும். கரைச்சு வச்சா மேலெ பாலாடை போல பாடை கெட்டும். வாழைக்குத் தெளிக்கிற பம்புக்க மூக்கே அடைஞ்சு போவுது. வண்டிக்கு இது ஒக்காது."

"நீ பசுவுக்க காரியம் பாரு அம்மா. வண்டிக்க காரியம் எனக்குத் தெரியும்."

வாயைத் திறந்தால் வாய்க்காலுக்கு அக்கரையிலும் கேட்கும்படி பேசக்கூடியவள், அன்று, சரி என்றாள். அவளை அறிந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் சரியைக் கேட்டுப் பயந்திருப்பார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷமாக உரம் கரைத்த கை இது. அதன் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அவன் சொன்னதை அவள் சொன்னபடியே செய்தாள். தராசில் நிறுத்தாள், லிட்டர் கணக்கில் அளந்தாள், எவர்சில்வர் வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். விடிந்ததும் பார்த்தாள். வாளியின் மேலே பழுப்பும் பச்சையுமாக ஒரு பாடை மிதந்தது. துணியில் ஒரு தடவை வடிகட்டினாள், அவன் சொன்ன மாதிரி இன்னொரு தடவையும் வடிகட்டினாள். விரலை முக்கி எடுத்துத் தேய்த்தாள். அப்போதும் வழுவழுப்பு போகவில்லை. இது உள்ளே போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஊகமெல்லாம் தேவைப்படவில்லை. நீல மூடியைத் திறந்து புனலை வைத்து, கடைசிச் சொட்டுவரைக்கும் ஊற்றினாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பால் கொண்டுபோனாள். அன்று காலை அவளுக்கு மனம் லேசாக இருந்தது. அதை மறைப்பானேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நிபின் பாறசாலையில் சாயா குடிக்க வண்டியை நிறுத்தினான். குடித்துவிட்டு வந்து சாவி போட்டால், இன்ஜின் அசையவில்லை. திரையில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் எரிந்தன. கட்டி இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டான். நீல மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். அடியில் சேறு, ஓரமெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைக் கட்டி. பம்பு போயிற்று, தெளிக்கிற மூக்கு போயிற்று, அதற்கப்பால் புகை போகிற குழாயில் இருக்கிற விலையுயர்ந்த சாமானும் போயிற்று. கொச்சியிலிருந்து வர வேண்டும் என்று அவன் சொன்ன தொகையை ஜினு இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னான்.

அதற்குப் பிறகு ஜினுவின் வாயிலிருந்து ஒரே ஒரு கதைதான் வந்தது. அம்மா சாணி வாளியில் கரைத்து ஊற்றி வண்டியைக் கெடுத்துவிட்டாள். நிபினிடம் அதைச் சொன்னான், ஜோஸ்மியிடம் சொன்னான், கூட்டாளிகள் எல்லோருக்கும் சொன்னான். தான் கரைக்கச் சொன்னதை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. பால் அளக்கப் போன இடத்தில் விலாசினி மூலமாக அந்தக் கதை சௌதாமினியின் காதுக்கே வந்து சேர்ந்தது.

புதன்கிழமை மத்தியானம் முற்றத்து வாசலில் ஒரு பிக்கப் வந்து நின்றது. ஒற்றசேகரமங்கலத்தில் மாடு வாங்கி விற்கும் மனு, கையில் இரண்டு கயிற்றோடு இறங்கினான். ஜினு போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டான், முன்பணம் கூட வாங்கிவிட்டான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். பசுக்களை விற்றுத்தான் வண்டியைச் சரிசெய்யப் போகிறானாம். சௌதாமினி புல்வெட்டுகிற அரிவாளோடு பின்புறத்திலிருந்து வந்தவள், அரிவாளைச் சிமென்ட் தரையில் வைத்துவிட்டுக் கேமராவுக்கு நேரே போய் நின்றாள்.

கயிற்றை அவிழ்த்துக் கொடு, வீண் சண்டை வேண்டாம் என்றது கேமரா. செய்த வேலைக்கு இதாவது செய் என்றது. மனு, வேண்டுமென்றால் நான் பிறகு வருகிறேன் அக்கா என்று நழுவப் பார்த்தான். அவள் அவனையும் இருக்கச் சொன்னாள். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றாள்.

"வேப்பெண்ணெ உண்டுண்ணு நான் உனக்கிட்டெ சொன்னேனா இல்லியா?"

கேமரா ஒத்துக்கொண்டது. "சொன்னே."

"பசுவுக்க காரியம் பாருண்ணு நீ சொன்னே. செரி, இப்பம் கேளு. காலத்தெ மேலெ பாடை கெட்டிக் கிடந்து. ரெண்டு தடவை வடிச்சும் எண்ணெ போவல்ல. இத ஊத்தினா வண்டி போவும்ணு எனக்குத் தெரியும். தெரிஞ்சோண்டாக்கும் ஊத்தினேன். ஒரு துளி மிச்சம் வைக்கல்ல."

மனு விழித்தபடியே கயிறுகளைச் சுருட்டினான். அவள் அவனிடம் திரும்பி, பசுக்கள் என் பேரில் இருக்கின்றன, நிலமும் என் பேரில், விற்கச் சொல்லி நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, முன்பணத்தை வாங்கினவனிடமே கேள் என்றாள். அவன் பிக்கப்பைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். இந்த வண்டியையும் இந்த வாரத்துக்குள் இங்கிருந்து எடுத்துவிடு என்று கேமராவிடம் சொன்னாள்.

"தெரிஞ்சே செஞ்சியா அம்மா?" என்று மட்டும் கேட்டான் ஜினு. குரல் தாழ்ந்து போயிருந்தது.

"தெரிஞ்சேதான்."

அதன் பிறகு அந்தக் கேமரா பேசவில்லை. சனிக்கிழமை ஒரு நீளமான லாரி வந்து கறுப்பு வண்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு போனது. உள்ளபடியே கிடைத்த விலைக்கு விற்றுவிட்டான் என்று நிபின் சொன்னான். மாதப் பணம் நின்றது. அது நிற்கும் என்று அவள் நினைத்திருந்தாள். மாளுவின் பாலில் சமாளித்தாள். சிமென்ட் தரையில் ரப்பர் விரிப்புப் போட்டு, தகரக் கூரைக்குக் கீழே இரண்டையும் கட்டினாள். அம்மிணி அங்கேயே கன்று போட்டது. சொசைட்டியில் பால் அளக்க நிற்கிறவர்களிடம் அவள் யூரியாக் கதையைச் சொன்னாள், கையை ஆட்டி, ஜினுவின் குரலில், மனு விழித்த விழி உட்பட. விலாசினி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கொஞ்சகாலம் அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஊரில் எல்லோரிடமும் ஜெயித்தவள், மகனிடமும் ஜெயித்துவிட்டாள்.

இந்த வருஷம் லீவுக்கு ஜினுவும் ஜோஸ்மியும் வந்தார்கள். நேரே பாறசாலையில் ஜோஸ்மியின் வீட்டுக்குப் போனார்கள். வந்து எட்டு நாள் ஆன பிறகுதான் சௌதாமினிக்குத் தெரிந்தது, அதுவும் நிபின் சொல்லி. அவள் வீட்டைப் பெருக்கினாள், அவனுக்குப் பிடித்த மரச்சீனிக் கிழங்கு வேகவைத்தாள், மறுநாளும் வேகவைத்தாள். வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் தயாராக வைத்திருந்தாள். ஒன்றுக்குப் பத்தாகச் சொல்ல அவளிடம் இருந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் ஒரு ஆட்டோ வந்தது. ஜினு மட்டும் இறங்கினான், ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு. மெலிந்திருந்தான். அவள் புல்லுக்கட்டோடு நின்றாள். சாயா போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். சிமென்ட் தரையின் விளிம்பில் வந்து நின்றவன் அதற்குமேல் ஏறவில்லை. பசுக்களை ஒரு தடவை பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றாள். வண்டி போனதில் தனக்கு ஒன்றுமில்லை, அது போகட்டும், ஆனால் அவள் அப்படிச் செய்ததை நினைத்தால் கத்தாரில் தூக்கம் வரவில்லை என்றான்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தயாராக வைத்திருந்ததில் முதலாவதை எடுத்தாள். "நான் சொன்னேன் இல்லியா மக்கா. நீயாக்கும் கேக்காதது."

"ஒரு மட்டம் சொன்னே. நான் கேக்கல்ல. ரெண்டாமத்த மட்டமும் சொல்லியிருக்கலாம் இல்லியா அம்மா. நான் உனக்க மகன் இல்லியா."

மிச்சம் ஒன்பதில் எதுவும் அதற்குப் பதிலாக இல்லை. அவன் திரும்பி நடந்தான். பிறகு ஆட்டோவில் ஏறினான். அது வாய்க்கால் வளைவில் திரும்பி, சத்தமும் அடங்கிய பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது. "சொல்லியிருக்கலாம்தான்" என்றாள். கேட்க அங்கே பசுக்கள்தான் நின்றன.